பெட்டிக்குள்ளே ட்ரம்ஸ், பெட்டிக்குள்ளே பேஸ் கிட்டார்!

– மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்



நம் கல்லூரி விழா மேடையில் பாடுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கிட்டார் வாசிப்பவர்கள் துறைக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். கீபோர்டுக்கும் ஆள் உண்டு. ஆனால் "ட்ரம்ஸ் யாரு? பேஸ் யாரு?" என்று கேட்டால், அங்கேதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம். ட்ரம்ஸ் செட் வாங்க வசதியில்லை. வாங்கினாலும் வைக்க வீட்டில் இடமில்லை. இடம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டார்! வெளியிலிருந்து ஆளை அழைத்து வந்தால் சம்பளம், வண்டி வாடகை, சாப்பாடு என்று நம்ம பாக்கெட் தாங்காது. இதற்கு ஒரு வழியாக இருப்பதுதான் ரிதம் வசதி உள்ள வீட்டு ரெக்கார்டிங் பெட்டி. அதில் ட்ரம்ஸும் பேஸும் எப்படிப் போடுவது, போட்டதை மனுஷன் வாசித்த மாதிரி எப்படி ஆக்குவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கற்றுக்கொண்டது ஜூம் எம்.ஆர்.எஸ்-8 என்ற பெட்டியில். நாங்கள் நான்கு பேர் காசு போட்டுப் பழையதாக வாங்கியது. அதில் பாட்டு, கிட்டார் பதிவு செய்ய எட்டு ட்ராக். அதுபோக ட்ரம்ஸுக்கும் பேஸுக்கும் தனித்தனி ட்ராக். இப்போது அது தயாரிப்பில் இல்லை, பழையதுதான் கிடைக்கும். ஆனால் கவலை வேண்டாம். பாஸ் கம்பெனியின் பெட்டியானாலும் சரி, கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் செயலியானாலும் சரி, உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைப்பது போல, நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த அடி, எவ்வளவு பலத்தில் என்று எழுதி வைக்கிறோம். பெட்டி அதைப் படித்து வாசிக்கிறது. அவ்ளோதான்!

கொஞ்சம் பழங்கதை

வீட்டிலேயே பல ட்ராக் பதிவு என்பது 1979-ல் டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தபோது ஆரம்பித்தது. நம் வீட்டு டேப் ரெக்கார்டரில் போடும் அதே சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக்! அடுத்த ஆண்டே, 1980-ல், இரண்டு ட்ரம் மிஷின்கள் வந்தன. ஒன்று அமெரிக்காவில் ரோஜர் லின் செய்த எல்.எம்-1. மற்றொன்று ஜப்பானில் ரோலண்ட் செய்த டி.ஆர்-808. இரண்டும் செய்யும் வேலை ஒன்று, வழி வேறு. எல்.எம்-1 நிஜமான ட்ரம்ஸைப் பதிவு செய்து, 8 பிட் எண்களாக மெமரி சிப்பில் வைத்துக்கொண்டு, அழுத்தும்போது திருப்பிச் சொன்னது. 808-க்குள் பதிவே கிடையாது, எல்லாம் சர்க்யூட்! கிக் ட்ரம் சத்தம் ஒரு பிரிட்ஜ்டு-டி வலையமைப்பைப் பல்ஸால் தட்டிவிட, அது ஆடி அடங்கும் சத்தம். ஹை-ஹாட் என்பது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆறு ஸ்கொயர் வேவ் ஆசிலேட்டர்களைக் கலந்து வடிகட்டியது. ஸ்நேரில் பாதி வெறும் இரைச்சல்தான். நம் லேபில் "நாய்ஸ் வருது சார்" என்று சொல்லித் திட்டு வாங்குகிறோமே, அதே நாய்ஸை அவர்கள் காசாக்கிவிட்டார்கள்!

பேஸுக்கும் ஒரு பெட்டி வந்தது. 1981-ல் வந்த ரோலண்ட் டி.பி-303. தனியாக உட்கார்ந்து கிட்டார் பழகுகிறவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று செய்தார்கள். கூடவே ட்ரம்ஸுக்கு டி.ஆர்-606. அப்போது சரியாக விற்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். பிறகு நடன இசைக்காரர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது தனிக்கதை.

1983-ல் மிடி வந்தது. ஒரு கம்பெனிப் பெட்டி இன்னொரு கம்பெனிப் பெட்டியோடு பேசுவதற்கான பொது மொழி அது. நம் துறை மாணவர்கள் இதைக் கவனிக்கவும். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். 8051-ல் 9600 பாட் வாங்க 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் தேடி அலைகிறோம் அல்லவா? மிடிக்குச் சாதாரண 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலே போதும். டைமர் 1-ஐ மோடு 2-ல் வைத்து டி.எச்.1-ல் எஃப்.எஃப் போட்டால் கச்சிதமாக 31,250 வரும். ஒரு அடிக்கு மூன்று பைட். தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து முப்பது பிட். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. 1991-ல் ஜெனரல் மிடி என்ற ஒழுங்கு வந்த பிறகு ட்ரம்ஸுக்கு 10-ம் சேனல் என்று நிலையானது. 36 என்றால் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். இந்த நாலு எண் தெரிந்தால் பாதி ட்ரம்மர் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். இனிமேல்தான் வேலையே இருக்கிறது.

நம்மூரிலும் இந்த அலை சீக்கிரமே வந்தது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தியது பெரிதாகப் பேசப்பட்டது. 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில் தன் வீட்டோடு சேர்ந்தே ஸ்டூடியோ அமைத்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. மீதி உங்களுக்கே தெரியும்.

முதலில் வேகம்

பெட்டியை ஆன் செய்ததும் அது 120 என்ற வேகத்தில் நிற்கும். அதிலேயே ஆரம்பித்துவிடுபவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். பாடப்போகிறவரை உட்கார வைத்து, எந்தத் துணையும் இல்லாமல் பல்லவியைப் பாடச் சொல்லுங்கள். கைதட்டி, 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். நாலால் பெருக்கினால் அதுதான் பாட்டின் வேகம். 24 தட்டு வந்தால் 96. சரணத்தையும் இதேபோல் பாருங்கள். சரணத்தில் பெரும்பாலும் இழுப்பார்கள். மூச்சு எங்கே எடுக்கிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி பாடகருக்காக நிற்காது, பாடகர்தான் பெட்டியோடு போகவேண்டும். எனவே மூச்சுக்கு இடமில்லாத வேகம் வைத்தால் கடைசி வரியில் பாவம் அவர் திணறுவார்.

வேகம் 96 என்றால் ஒரு தட்டுக்கு 625 மில்லி செகண்ட். அதை நாலாகப் பிரித்தால் ஒரு கட்டம் 156 மில்லி செகண்ட். நாலு தட்டு ஒரு சுற்று, ஆக 16 கட்டம். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 16 கட்டத்தில்தான்.

காலும் விரலும்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெட்டியோடு வரும் பேட்டர்ன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ராக் 1, ராக் 2, ஃபங்க் 7 என்று பெயர் வைத்திருப்பார்கள். புதிதாக வாங்கியவர் என்ன செய்வார்? நல்ல ட்ரம்ஸ் பேட்டர்ன் ஒன்றை எடுப்பார், அதன்மேல் நல்ல பேஸ் வரி ஒன்றைப் போடுவார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்துக் கேட்டால் சந்தைக்கடை! ஏன் என்றால், ட்ரம்மரும் பேஸ்காரரும் இரண்டு வேலைக்காரர்கள் இல்லை. ட்ரம்மரின் வலது காலும் பேஸ்காரரின் விரலும் சேர்ந்து ஒரே ஆள். கிக் அடிக்கும் "தும்" ஒரு குத்துதான், அதற்குச் சுரம் என்று ஒன்று தெளிவாக இல்லை. பேஸுக்குச் சுரம் உண்டு, ஆனால் குத்து குறைவு. இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்தால்தான் குத்தும் சுரமும் உள்ள ஒரு பெரிய வாத்தியமாகக் காதுக்குக் கேட்கும். நான் இக்கட்டுரை எழுதுவதே இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

செய்து பாருங்கள். கிக்கை 1, 7, 11 ஆகிய கட்டங்களில் வையுங்கள். ஸ்நேரை 5, 13-ல் வையுங்கள். ஹை-ஹாட்டை ஒற்றைப்படைக் கட்டங்களில் எல்லாம் வையுங்கள். பாட்டு ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நாலு சுற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் பேஸ் ஏ சுரத்தை 1-ம் கட்டத்தில் தொடங்கி மூன்று கட்டம் நீட்டட்டும். 4-ல் மௌனம். 5-ல் ஸ்நேர் விழும்போது பேஸ் இருக்கவே கூடாது. 7-ல் மறுபடி ஏ, இரண்டு கட்டம். 11-ல் கீழ் ஈ, இரண்டு கட்டம். 13-ல் ஸ்நேர், பேஸ் சும்மா. 15-ல் மட்டும் கிக் இல்லாமல் பேஸ் தனியாக ஜி வாசிக்கட்டும். அது அடுத்த சுற்றின் எஃப் வீட்டுக்குப் படி இறங்குவது. இதேபோல் எஃப்-லிருந்து சி-க்குப் போகும்போது 15-ல் டி, சி-யிலிருந்து ஜி-க்குப் போக ஏ, ஜி-யிலிருந்து திரும்ப ஏ மைனருக்கு வர ஜி ஷார்ப். படி வைத்து இறங்கினால் கார்டு மாறுவது தூக்கிப் போடாது.

ஸ்நேர் விழும் இடத்தில் பேஸ் ஏன் வாயை மூடவேண்டும் என்று கேட்கலாம். எல்லாப் பாட்டுக்கும் இது சட்டம் இல்லை. ஆனால் பெட்டியில் போடுகிற பேஸுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சுரத்தைப் போட்டால் அடுத்த சுரம் வரும்வரை ஆர்மோனியம் மாதிரி நீட்டிக்கொண்டே இருக்கும். மனுஷன் வாசித்தால் கம்பியிலிருந்து விரல் எடுப்பான், தழுவுவான், அடக்குவான். நாம்தான் பெட்டிக்குச் சுரத்தின் நீளத்தைச் சொல்லவேண்டும். நீளத்தைக் குறைத்து, ஸ்நேருக்கு முன் ஒரு கட்டம் காலியாக விட்டுப் பாருங்கள். ஸ்நேரின் சத்தத்தைக் கூட்டாமலேயே ஸ்நேர் முன்னால் வந்து நிற்கும். "மிஷின் மாதிரி இருக்கு" என்று கேட்பவர்கள் சொன்னால், எல்லாரும் உடனே நேரத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். 'ரொம்பக் கச்சிதமா இருக்கு, கொஞ்சம் தள்ளாட விடு' என்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. பத்தில் எட்டு முறை குற்றம் நேரத்தில் இல்லை; பேஸின் நீளத்திலும் அடியின் பலத்திலும்தான்.

பலம் என்றால் என்ன?

மிடியில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு பல எண் உண்டு. கட்டத்தில் புள்ளி வைத்தால் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடும். ஹை-ஹாட் எட்டும் 100, 100, 100 என்று போகும். கேட்டால் தையல் மிஷின்! தட்டின் மேல் விழும் கட்டங்களுக்கு 100, இடையில் விழுவதற்கு 65 என்று மாற்றிப் பாருங்கள். ஸ்நேர் முக்கிய அடி 115. அதற்கு முந்தின கட்டத்தில் 30 பலத்தில் ஒரு ரகசிய ஸ்நேர் வைக்கலாம். அது தனியாகக் கேட்காது, எடுத்துவிட்டால் மட்டும் 'என்னமோ குறையுதே' என்று தோன்றும்.

இந்தப் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அப்பா பேண்டு செட்டில் சைடு ட்ரம் அடிப்பவர். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, சாவு வீடு எல்லாம் அவருக்குத் தொழில். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், அதில் கம்பெனிக்காரன் போட்டு வைத்திருந்த ஆறெட்டு பேட்டர்ன் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அப்பா பீடியை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். பிறகு, "ஆறு அடியும் ஒரே கனமா விழுதுடா. இதுக்கு எவன் நடப்பான்?" என்றார். ஊர்வலத்துக்கு அடிக்கிறவர் அல்லவா? ஆள் நடக்கிறானா இல்லையா என்பதுதான் அவருக்கு அளவுகோல். என்ன செய்யணும் என்று கேட்டேன். பெட்டியின் பேடில் விரலால் தட்டியே காட்டினார். "மூணாவத முழுங்கு. ஆறாவதக் கொஞ்சம் தூக்கிக் குடு. அடுத்த ஒண்ணுக்கு ஆளு தானா வந்துருவான்."

பேடு பலத்தை உணரக்கூடியது. அவர் தட்டியதைப் பதிவு செய்து, பிறகு எண்களைப் பார்த்தேன். ஏறக்குறைய 110, 70, 45, 95, 70, 105. ஆறு எண்ணில் ஒரு ஊர்வலமே இருந்தது! அதற்கு அடியில் கிக்கை 1-ல் நல்ல பலத்திலும் 6-ல் 60 பலத்தில் லேசாகவும் வைத்தேன். ஸ்நேர் 4-ல். பேஸ் 1-ல் ஏ இரண்டு கட்டம், 6-ல் கீழ் ஈ ஒரு கட்டம், நடுவில் ஒன்றும் இல்லை. இதை அப்படியே நீங்கள் போட்டுப் பார்க்கலாம். நம் கிராமியப் பாட்டுகளில் பாதிக்கு இந்த நடை பொருந்தும்.

ஆறெட்டில் ஒரு சிக்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். நாம் காலால் தட்டுவது மூன்று கட்டத்துக்கு ஒரு தட்டு. ஆனால் பெரும்பாலான பெட்டிகள் வேகத்தை இரண்டு கட்டத்துக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் கேட்கும். ஆகவே கால் தட்டு நிமிடத்துக்கு 80 வந்தால் பெட்டியில் 120 என்று வைக்கவேண்டும். அதாவது ஒன்றரை மடங்கு. இது தெரியாமல் 80 என்று வைத்தால் பாட்டு தூங்கிவிடும். ஆறெட்டே இல்லாத பெட்டியாக இருந்தால், நாலு தட்டுச் சுற்றை எடுத்து, ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்துப் பன்னிரண்டு கட்டம் ஆக்கிக்கொள்ளுங்கள். அப்போது வேகம் 80 என்றே இருக்கலாம்.

சரிசெய்யும் பட்டன்

விரலால் தட்டிப் பதிவு செய்தால் முன்னே பின்னே போகும். அதைக் கட்டத்துக்கு இழுத்து வைப்பதற்கு குவாண்டைஸ் என்று பெயர். ரோஜர் லின் தன் எல்.எம்-1-லேயே இதை வைத்துவிட்டார். கூடவே ஸ்விங் என்று ஒன்றையும் வைத்தார். இரண்டு கட்ட ஜோடியில் இரண்டாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதுதான் ஸ்விங். 50 சதவீதம் என்றால் சமம். 66 என்றால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது திஸ்ர நடையின் துள்ளல். இரண்டுக்கும் நடுவே 54, 56 என்று வைத்துக் கேளுங்கள். துள்ளுவது போலவும் தெரியாது, விறைத்து நிற்பதாகவும் தெரியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ட்ரம்ஸுக்கு ஸ்விங் வைத்தால் பேஸுக்கும் அதே அளவு வைக்கவேண்டும். காலும் விரலும் ஒரே ஆள் என்று சொன்னேன் அல்லவா?

என் வழக்கம், கிக்கையும் பேஸையும் கட்டத்தில் எண்ணி வைப்பது. ஹை-ஹாட்டை மட்டும் விரலால் தட்டி, நேரத்தைச் சரிசெய்துவிட்டு, பலத்தைத் தட்டியபடியே விட்டுவிடுவது. அஸ்திவாரம் நேராக இருக்கும், மேலே உயிர் இருக்கும்.

பாட்டு முழுவதும்

ஒரு சுற்று சரியானதும் அதையே 64 முறை ஓட்டிவிட்டு 'பாட்டு முடிஞ்சுது' என்று எழுந்துவிடக் கூடாது. பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, இடையிசைக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று பேட்டர்ன் வேண்டும். சரணத்துக்குப் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். பல்லவி பேட்டர்னைக் காப்பி எடுத்து, அதிலிருந்து சிலவற்றை நீக்குங்கள். ஹை-ஹாட்டைப் பாதியாக்குங்கள், 11-ம் கட்டத்துக் கிக்கையும் அதோடு உள்ள பேஸையும் எடுத்துவிடுங்கள். பாடுகிறவருக்கு இடம் கிடைக்கும். பல்லவி திரும்பும்போது எல்லாம் வந்து சேர்ந்தால் சபை தானாக நிமிரும்.

நாலு அல்லது எட்டு சுற்றுக்கு ஒருமுறை டாம்களில் ஒரு ஃபில் வைப்போம். அப்போது பேஸ் தன் பங்குக்கு ஓடக்கூடாது. ஒரே நீண்ட சுரம் போதும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் ரெண்டும் புரியாது. ஃபில் முடிந்து அடுத்த 1-ல் க்ராஷ் விழும்போது, கூடவே கிக்கும் பேஸும் விழவேண்டும். க்ராஷ் மட்டும் தனியாக விழுந்தால் தட்டு கை தவறி விழுந்த சத்தம் மாதிரி இருக்கும். இன்னொன்று, மனுஷனுக்கு இரண்டு கை இரண்டு கால்தான். டாமும் ஸ்நேரும் ஹை-ஹாட்டும் ஒரே கட்டத்தில் குச்சியால் அடிக்க மூன்றாவது கை வேண்டும். கட்டத்தில் புள்ளி வைக்கும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

கலவை பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அது தனிப் பாடம். ஒன்று மட்டும். பேஸ் கிட்டாரின் கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ் சுமார், அடுத்த ஏ கம்பி 55. கிக்கின் பலமும் 50 முதல் 100-க்குள்தான் கிடக்கிறது. இரண்டும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு அடித்துக்கொள்ளும். கிக்கை 60 பக்கம் தூக்கினால் அங்கே பேஸைக் கொஞ்சம் குறைத்து, பேஸை 100-க்கு மேல் தூக்குங்கள். கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், அதில் இந்த அடிச்சத்தம் எதுவுமே வராது. பேஸ் வரவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போய், மேடையில் பெரிய பெட்டியில் போட்டால் ஜன்னல் ஆடும்!

கூலி யாருக்கு?

அன்றைக்கு அப்பா இன்னொன்றும் கேட்டார். "இந்தப் பொட்டிக்கு ஒரு நாளைக்கு என்னடா கூலி?" பேட்டரி செலவுதான் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகூர்த்த நாட்களில் கூட இப்போது அவருக்கு முன்பு போல் அழைப்பு இல்லை. ஒரு கீபோர்டும் அதில் ரிதமும் வைத்துக்கொண்டு ஒரே ஆள் கச்சேரியை முடித்துவிடுகிறார். எட்டுப் பேர் சாப்பிட்ட இடத்தில் ஒருவர். நான் புகழ்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டியும் அந்த வகைதான் என்பதை மறைத்து எழுதினால் அது நேர்மையில்லை.

இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் எனக்குள் ஒரு வரையறை வைத்திருக்கிறேன். ட்ரம்மர் கிடைக்காத இடத்தில் பெட்டி. ட்ரம்மர் இருக்கும் இடத்தில் பெட்டியை அணைத்துவிட வேண்டும். நம் கல்லூரியிலேயே தவில் தெரிந்தவரும் பறை தெரிந்தவரும் இருக்கிறார்கள், மேடை ஏறக் கூச்சப்படுகிறார்கள். விழாவுக்கு அவர்களை அழையுங்கள். பெட்டியில் பேஸும் கிக்கும் மட்டும் ஓடட்டும், மேலே அவர்கள் அடிக்கட்டும். நாங்கள் அப்படி ஒரு பாட்டு முயன்றோம். பெட்டியின் ஹை-ஹாட்டை முழுக்க எடுத்துவிட்டுப் பறையை வைத்தோம். மேலே சொன்ன ரகசிய ஸ்நேர், ஸ்விங் எதுவுமே தேவைப்படவில்லை. வெளி ஆளைக் கூப்பிட்டு அவர் கைத்தட்டைப் பதிவு செய்து பேட்டர்னாக வைத்துக்கொண்டால், அதற்கும் ஒரு நாள் கூலி கொடுத்துவிடுவதுதான் முறை. அவர் அடுத்த முறை வரவேண்டிய வேலையையும் சேர்த்துத்தானே வாங்கிக்கொள்கிறோம்!

மேடையில் ஓட்டுவதற்கு

பெட்டியிலிருந்து இடது, வலது என்று இரண்டு வழி வெளியே வரும். ட்ரம்ஸையும் பேஸையும் சேர்த்து முழுக்க இடது பக்கம் தள்ளிவிடுங்கள். வலது பக்கம் வெறும் 'டிக் டிக்' எண்ணிக்கை மட்டும் வைத்து, பாட்டு தொடங்கும் முன் நாலு எண்ணிக்கை கூடுதலாகக் கொடுங்கள். இடதை மைக்செட்காரரிடம் கொடுத்துவிட்டு, வலதைக் கிட்டார் வாசிப்பவரின் காதில் ஒரு இயர்போனில் போடுங்கள். சபைக்கு டிக் டிக் கேட்காது, நமக்கு எண்ணிக்கை தவறாது. இதற்காக ஸ்டீரியோ பிளக்கிலிருந்து இரண்டு மோனோ பிளக்குக்குப் போகும் ஒய் வயர் ஒன்று வேண்டும். கடையில் தேட வேண்டாம், நம் லேபில் பத்து நிமிடத்தில் சால்டர் வைத்துவிடலாம். டிப் இடது, ரிங் வலது, ஸ்லீவ் பூமி. பறையோ தவிலோ கூட இருந்தால் அவர் காதுக்கும் ஒரு இயர்போன் கொடுங்கள். ப்ளே பட்டனை அழுத்தும் வேலை பாடுகிறவருக்கு வேண்டாம். மைக்கைப் பிடிப்பாரா, பட்டனைத் தேடுவாரா? தாளம் அடிக்கிறவர் தயாராகித் தலையசைத்த பிறகு கிட்டார்காரரே அழுத்தட்டும்.